17,600 வெள்ளணுக்கள்: நீரிழிவுள்ள ஒரு விவசாயியின் காய்ச்சலும் அவருடைய ரத்த அறிக்கையும்

இந்தக் குறிப்பில் வருபவர் காவிரி டெல்டாவில் ஒரு கிராமத்துக்காரர். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் பெயர், ஊர், இன்னும் சில சின்ன விவரங்களை விட்டுவிட்டேன். சர்க்கரை நோயில் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஒன்றைச் சொல்லும், அவை செய்கிற வேலை வேறொன்றைச் சொல்லும். அந்த இடைவெளியை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய நோயாளிகள் குறைவு. அதனால்தான் இதை முழுதாகப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

வயது ஐம்பதைத் தாண்டியவர். குத்தகை நிலத்தில் சம்பா போடுவார், மற்ற நாளில் கூலி வேலை. சர்க்கரை வந்து ஒன்பது வருடம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்து கொடுக்கிற அம்மா ஒழுங்காகத்தான் வந்திருக்கிறார். இவர்தான் “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று பாதி நாள் போட்டிருக்கிறார், பாதி நாள் விட்டிருக்கிறார்.

நவம்பர் கடைசியில் நல்ல மழை. நட்ட சம்பாவில் தண்ணீர் தேங்கிவிட்டது. வடிகால் வெட்டிவிட நாலைந்து நாள் வெறுங்காலோடு சேற்றில் நின்றிருக்கிறார். இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. இடது கணுக்காலுக்கு மேலே மண்வெட்டி பட்ட ஒரு வெட்டு. அது எப்போது பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து வருடக்கணக்காகிவிட்டதால் வலிக்கவே இல்லை. வீட்டில் கால் கழுவும்போது ரத்தம் பார்த்து மனைவிதான் மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறார்.

டிசம்பர் முதல் வாரத்தில் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலமானால் குளிர் நடுக்கம், விடியற்காலையில் வேர்த்து ஊற்றும். பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசியும் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். இரண்டு நாள் விட்டது, மறுபடி வந்தது. அப்புறம் இருமல். சாப்பாடு இறங்கவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்றார் மனைவி. எக்ஸ்ரேயில் வலது மேல் நுரையீரலில் ஒரு திட்டு தெரிந்தது. டிபிதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கக் காரணமும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆனால் சளியைக் கண்ணாடித் தகட்டில் பார்த்ததும் நெகட்டிவ், சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் நெகட்டிவ். படம் டிபி மாதிரிதான் இருக்கிறது, மாத்திரையை ஆரம்பித்துவிடலாமா என்ற கட்டத்தில்தான் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்.

சேர்க்கும்போது கண்டவை

ஸ்ட்ரெச்சரில் வந்தார். பேசினால் மூச்சு வாங்கியது. காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட், நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 96/60, ஆக்சிஜன் 93 சதவீதம். விரல் நுனியில் பார்த்த சர்க்கரை 438. சிறுநீரில் கீட்டோன் லேசாக இருந்தது, ரத்தத்தில் அமிலத்தன்மை கூடவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6. ஹெச்பிஏ1சி 12.8. அதாவது முந்தைய இரண்டு மூன்று மாதமாகவே சர்க்கரை கட்டுக்குள் இல்லை. எடை 52 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்றபோது 60 என்று நினைவாகச் சொன்னார்.

ரத்த அணுக்கள்: மொத்த வெள்ளணு 17,600. அதில் கிருமியை விழுங்கும் நியூட்ரோபில் வகை 88 சதவீதம், லிம்போசைட் என்ற வகை 7 சதவீதம். ஹீமோகுளோபின் 9.8. தட்டணுக்கள் 1,30,000. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்த ஸ்மியரில் முதிராத நியூட்ரோபில்கள் நிறைய இருந்தன. முதிர்ந்தவற்றுக்குள்ளும் கடுமையான தொற்றில் வரும் கருத்த துகள்கள். எச்ஐவி நெகட்டிவ்.

அல்ட்ராசவுண்ட் பார்த்த ரேடியாலஜிஸ்ட் வெளியே வந்து கூப்பிட்டார். மண்ணீரல் வீங்கியிருந்தது. உள்ளே சின்னச் சின்னதாகக் கறுப்புப் பொட்டுகள், பெரியது இரண்டரை சென்டிமீட்டர். சீழ்க்கட்டிகள்.

அன்று இரவு மகன் ரத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பத்தாவதுக்கு மேல் படிக்காவிட்டாலும் விஷயத்தைத் தேடிப் படிக்கிறவர். “சார், வெள்ளை அணு நார்மலைவிட அதிகமா இருக்கே. அப்ப அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டியது 17,600 இருக்கிறது, காப்பாற்றும் அணு கூடுதலாக இருந்தால் நல்லதுதானே?

அந்த எண்ணை எப்படிப் படித்தோம்

வெள்ளணு கூடியதற்கு இவர் விஷயத்தில் ஒரே சமயத்தில் மூன்று காரணங்கள் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒன்று, தொற்று. கிருமி வந்ததும் எலும்பு மஜ்ஜை நியூட்ரோபில்களை அவசரமாக வெளியே அனுப்புகிறது. முதிராதவற்றையும் சேர்த்து அனுப்பும். ஸ்மியரில் பார்த்தது அதுதான்.

இரண்டு, உடல் படும் பாடு. கடும் நோயில் கார்டிசோல், அட்ரினலின் இரண்டும் ஏறும். ரத்தக் குழாயின் உள்சுவரை ஒட்டிக் கிடக்கும் நியூட்ரோபில்கள் இவற்றால் ஓட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. எண்ணிக்கை ஏறுகிறது, ஆனால் புதிதாக எதுவும் பிறக்கவில்லை. அதே கார்டிசோல் லிம்போசைட்டுகளை ரத்தத்திலிருந்து குறைக்கிறது. தொற்றே இல்லாத கீட்டோஅசிடோசிஸில்கூட (சர்க்கரை நோயில் கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் நிலை) வெள்ளணு 15,000, 20,000 என்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது, நாள்பட்ட சர்க்கரை. இது பலருக்குத் தெரியாத பகுதி. டைப் 2 நீரிழிவில் உடம்பு முழுக்க மெல்லிய அழற்சி ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் சளி எதுவும் இல்லாத நாளிலும் இவர்களுடைய வெள்ளணு எண்ணிக்கையின் சராசரி மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். லிம்போசைட்டுகளில் அழற்சியைத் தூண்டும் வகைகள் மேலோங்கி, அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் குறைகின்றன. எலிகளில் செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு வழிமுறையையும் காட்டின. சர்க்கரை ஏறும்போது நியூட்ரோபில்கள் எஸ்100ஏ8, எஸ்100ஏ9 என்ற புரதங்களை வெளிவிடுகின்றன. அவை எலும்பு மஜ்ஜையைத் தூண்டி இன்னும் நியூட்ரோபில்களையும் மோனோசைட் என்ற வேறொரு வகை வெள்ளணுக்களையும் உண்டாக்க வைக்கின்றன. சர்க்கரையைக் குறைத்தபோது அந்த உற்பத்தியும் குறைந்தது.

சரி, எண்ணிக்கை கூடிவிட்டது. வேலை நடக்கிறதா?

நியூட்ரோபில் ஒன்று கிருமியைக் கொல்ல வேண்டுமானால் நான்கு காரியம் செய்ய வேண்டும். ரத்தக் குழாயை விட்டு வெளியே வர வேண்டும், கிருமி இருக்கும் திசை பார்த்து நகர வேண்டும், விழுங்க வேண்டும், விழுங்கியதை உள்ளே வைத்துக் கொல்ல வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரையில் இந்த நான்கிலுமே தளர்ச்சி தெரிகிறது. கடைசிக் காரியத்தின் கோளாறு ரசாயனத்திலேயே இருக்கிறது. கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் சேர்மங்களைத் தயாரிக்க அணுவுக்கு என்ஏடிபிஹெச் என்ற பொருள் வேண்டும். அணுவுக்குள் குளுக்கோஸ் மிதமிஞ்சிப் போனால் அதைச் சார்பிட்டாலாக மாற்றும் பாதை திறக்கிறது. அந்தப் பாதையும் அதே என்ஏடிபிஹெச்சைத்தான் செலவழிக்கிறது. மொத்தத்தில் கொல்லும் வேலைக்குக் கையிருப்பு குறைந்துபோகிறது.

இன்னொரு விபரீதமும் உண்டு. நியூட்ரோபில்கள் சில சமயம் தங்கள் மரபணு இழைகளையே வெளியே வீசிக் கிருமியைப் பிடிக்கப் பார்க்கும். சர்க்கரை உள்ளவர்களின் நியூட்ரோபில்கள் இதைத் தேவையில்லாமல் செய்யத் தயாராக இருக்கின்றன என்றும், அதனால் புண் ஆறுவது தாமதமாகிறது என்றும் 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் பரபரப்பாகவும், வேலை வந்த நேரத்தில் மந்தமாகவும் இருக்கின்றன. மகனிடம் இதைத்தான் சொன்னேன்: “எண்ணிக்கை இருக்குப்பா, ஆனா இந்தச் சர்க்கரையில அதுங்களால ஒழுங்கா வேலை செய்ய முடியாது. முதல்ல அதைச் சரி பண்ணணும்.”

நியூட்ரோபிலுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவருக்கு அது 12க்கு மேல் இருந்தது. சர்க்கரை நோயில் இந்த விகிதம் கூடுகிறது என்று பல ஆய்வுகள் உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் சராசரியில் தெரிகிற சிறிய கூடுதல். தனி ஒருவரின் அறிக்கையை வைத்துக்கொண்டு இது சர்க்கரையால் வந்தது, இது தொற்றால் வந்தது என்று பிரிக்க அது உதவாது. 12 என்ற எண் எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: ஆள் ஆபத்தில் இருக்கிறார்.

முதல் நாள் முடிவுகள்

டெல்டா விவசாயி, கட்டுக்கடங்காத சர்க்கரை, மழைக்காலம், மேல் நுரையீரலில் திட்டு, டிபி பரிசோதனை நெகட்டிவ், மண்ணீரலில் பல சீழ்க்கட்டிகள். இத்தனையும் ஒன்றாக வந்தால் முதலில் நினைக்க வேண்டிய பெயர் மெலியாய்டோசிஸ். பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற மண் கிருமி உண்டாக்கும் நோய் இது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும். காலில் உள்ள கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ ஏறும். 1911ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடன் வேலை செய்த சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணக்கூறாய்வுகளில் இதை முதன்முதலாக அடையாளம் கண்டார்கள். 2016ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள். இது வர முதல் பெரிய காரணி நீரிழிவு. நோயாளிகளில் பாதிப் பேரோ அதற்கும் மேலோ சர்க்கரை உள்ளவர்கள்.

அது ஏன் சர்க்கரையை இவ்வளவு தேடிப் பிடிக்கிறது என்பதற்கும் பதில் வெள்ளணுக்களில்தான் இருக்கிறது. 2009ல் தாய்லாந்தில் சர்க்கரை உள்ளவர்களின் நியூட்ரோபில்களை எடுத்து இதே கிருமியோடு சேர்த்துப் பார்த்தார்கள். விழுங்குவது குறைந்திருந்தது, அழைப்பு வரும் திசைக்கு நகர்வது குறைந்திருந்தது, தொற்று நேரத்தில் ஆயுளைக் கொஞ்சம் நீட்டித்துக்கொள்ளும் திறனும் குறைந்திருந்தது. இந்தக் கிருமி அணுக்களுக்கு உள்ளேயே பிழைத்திருக்கக் கூடியது. அதை அங்கே வைத்து அழிக்க டி செல்கள் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து, கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் அணுக்களைத் தூண்ட வேண்டும். டிபிக்கும் அதே கதைதான். இரண்டு நோயும் ஒரே மாதிரி ஆட்களிடம், ஒரே மாதிரி எக்ஸ்ரேயோடு வருவதில் ஆச்சரியமில்லை.

எடுத்த முடிவுகள் இவை. டிபி மாத்திரையைத் தொடங்காமல் தள்ளி வைத்தோம். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, முடிவு வரும்வரை காத்திருப்பதால் டிபியாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை, மெலியாய்டோசிஸாக இருந்து டிபி மாத்திரை மட்டும் கொடுத்தால் ஆள் போய்விடுவார். ஆன்டிபயாட்டிக் ஏறுவதற்கு முன் இரண்டு கைகளிலிருந்தும் ரத்தக் கல்ச்சர் எடுத்தோம். சளி, சிறுநீர், தொண்டைக் கல்ச்சரும் போயிற்று. படிவத்தில் “காய்ச்சல்” என்று மட்டும் எழுதாமல் “சர்க்கரை, வயல் வேலை, மண்ணீரல் சீழ், மெலியாய்டோசிஸ் சந்தேகம்” என்று எழுதி, லேபுக்குப் போனிலும் சொன்னோம். சொல்லாவிட்டால் இந்தக் கிருமி சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ ஒதுக்கப்பட்டுவிடும். லேபில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்கும் அது முக்கியம். திறந்த மேசையில் வைத்துக் கையாளக் கூடிய கிருமி இல்லை இது.

மருந்தாக, வழக்கமாக முதலில் போடும் செஃப்ட்ரியாக்சோனைப் போடவில்லை. இந்தக் கிருமிக்கு அது போதாது. மெரோபெனெம் ஆரம்பித்தோம், கிரியாட்டினினைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொண்டோம்.

இதற்குச் சமமான முக்கியத்துவத்தோடு இன்சுலின். தோலுக்கடியில் போடாமல் சிரிஞ்சு பம்ப் வழியாக நரம்பில் ஓடவிட்டு, மணிக்கொரு முறை விரலில் சர்க்கரை பார்த்தோம். இலக்கு 140 முதல் 180. அதற்குக் கீழே இறக்க முயலவில்லை, இவ்வளவு நோயுற்ற உடம்பில் தாழ்சர்க்கரை ஆபத்து. இன்சுலினை நாங்கள் தொற்றுக்கான மருந்தாகவே எண்ணினோம். இதற்குப் பழைய ஆதாரமும் உண்டு. 1964ல் வெளியான ஓர் ஆய்வில் கீட்டோஅசிடோசிஸ் நோயாளிகளின் நியூட்ரோபில்கள் கிருமியை விழுங்குவது குறைந்திருந்ததையும், அமிலநிலை சரியான பிறகு அது மீண்டதையும் பார்த்திருக்கிறார்கள். இவருக்கு அமிலநிலை இல்லை என்றாலும், பழுது சரியாகக் கூடியது என்பதுதான் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

மண்ணீரல் கட்டிகளில் ஊசி விடவில்லை. பலவாக, சின்னதாக இருக்கும்போது மருந்திலேயே கரையும். குத்தினால் ரத்தம் கசியும் அபாயம்தான் மிச்சம்.

கல்ச்சரும் குறையாத காய்ச்சலும்

இரண்டாம் நாள் ராத்திரி கிருமி வளர்கிறது என்று கல்ச்சர் பாட்டில் சிக்னல் கொடுத்தது. மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் இரு முனையிலும் சாயமேறி நடுவில் வெளுத்த, சேஃப்டி பின் போன்ற கிராம் நெகட்டிவ் குச்சிகள். ஆக்சிடேஸ் பாசிட்டிவ். ஆன்டிபயாட்டிக்குகளில் ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் மசியவில்லை, கோ-அமாக்சிக்ளேவுக்கு மசிந்தது. இந்தச் சேர்க்கையைப் பார்த்தாலே அனுபவமுள்ள லேப் டெக்னீஷியன் சொல்லிவிடுவார். எங்கள் டெக்னீஷியன் சொன்னார். பின்னர் உறுதிப் பரிசோதனையிலும் அதுவே வந்தது.

நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் சரியானது, சர்க்கரையும் மூன்றாம் நாளே 160, 170க்குள் வந்துவிட்டது. காய்ச்சல் மட்டும் குறையவில்லை. நான்காம் நாள் வெள்ளணு 19,200. குடும்பம் கலங்கிப் போனது. வேறு பெரிய ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று உறவினர்கள் வராந்தாவில் கூடிப் பேசினார்கள். எங்கள் குழுவிலும் இளைய மருத்துவர் ஒருவர் மருந்தை மாற்றலாமா என்று கேட்டார்.

மாற்றவில்லை. மெலியாய்டோசிஸில் சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் அடங்கச் சராசரியாக ஒன்பது நாள் ஆகும், ஆழத்தில் சீழ் இருந்தால் இன்னும் நீளும். நாலாம் நாள் காய்ச்சல் மருந்து தோற்றதற்கு அடையாளம் இல்லை. 19,200ஐயும் அப்படியே பார்த்தோம். ரத்த அழுத்தம் நிமிர்ந்திருந்தது, மூச்சு சீராகியிருந்தது, கிரியாட்டினின் 1.1க்கு இறங்கியிருந்தது, ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். நோயாளி ஒரு பக்கமும் எண் ஒரு பக்கமும் இழுத்தால் நோயாளியைத்தான் நம்ப வேண்டும். அவரிடமும் மனைவியிடமும் ஒன்பது, பத்து நாள் வரை காய்ச்சல் அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தது அப்போது கைகொடுத்தது. “சார் சொன்ன கணக்கு இன்னும் முடியல” என்று அந்த அம்மாதான் உறவினர்களை நிறுத்தினார்.

அந்த வாரத்தில் மகள் ஒரு டப்பா பவுடர் வாங்கி வந்தார். எதிர்ப்புச் சக்தி ஏற்றும் என்று மேலே எழுதியிருந்தது. விலையைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வீட்டின் பல நாள் கூலி அது. பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தால் முதல் பொருள் சர்க்கரை. கட்டாயம் வேண்டாம் என்றேன். அந்தக் காசில் குளுக்கோமீட்டரும் அதற்கான பட்டைகளும் வாங்கச் சொன்னேன். வாங்கினார்கள்.

பத்தாம் நாள் காய்ச்சல் முழுதும் நின்றது. எண்கள் இப்படிப் போயின. எட்டாம் நாள் 14,100, லிம்போசைட் 12 சதவீதம். பதினான்காம் நாள் 10,200, லிம்போசைட் 19. நான்காம் வாரம் 8,400, லிம்போசைட் 27. விகிதம் 12லிருந்து இரண்டேகாலுக்கு வந்திருந்தது. இதில் எவ்வளவு ஆன்டிபயாட்டிக்கின் வேலை, எவ்வளவு இன்சுலினின் வேலை என்று ஒரே நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது. நாங்கள் அளந்தது எண்ணிக்கையை மட்டுமே. வேலைத்திறனை அளக்கும் பரிசோதனை ஆராய்ச்சிக் கூடங்களில்தான் உண்டு, எங்களைப் போன்ற மருத்துவமனையில் கிடையாது. புண்ணைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டோம். சேர்க்கும்போது ஓரம் வெளுத்துச் சீழ் கோத்திருந்த கணுக்கால் வெட்டு மூன்றாம் வாரத்தில் சிவந்த சதை பிடித்து மூடத் தொடங்கியது. தினமும் கட்டு மாற்றிய நர்ஸ்தான் அதை முதலில் கவனித்துச் சொன்னார்.

ஆழத்தில் சீழ் இருந்ததால் நரம்பு வழி மருந்தை நான்கு வாரம் தொடர்ந்தோம். முதல் இரண்டு வாரம் மெரோபெனெம், அடுத்த இரண்டு வாரம் செஃப்டாசிடிம்.

வீட்டுக்குப் போன பிறகு

ஊசி முடிந்தால் நோய் முடியாது. எங்காவது அணுக்களுக்குள் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி கிளம்பும். அதனால் குறைந்தது மூன்று மாதம் கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை. ஆரம்பிக்கும் முன் ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியைப் பார்த்தோம், சரியாக இருந்தது. கூடவே ஃபோலிக் அமிலம். முதல் மாதம் வாராவாரம் பொட்டாசியம், கிரியாட்டினின், வெள்ளணு பார்ப்பது என்று முடிவு.

சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின். பழைய மாத்திரைகளில் கிளிமிபிரைடை நிறுத்தச் சொன்னோம். கோ-ட்ரைமாக்சசோலில் உள்ள சல்ஃபா மருந்து கிளிமிபிரைட் வகை மாத்திரைகளின் வீரியத்தைக் கூட்டி, சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி, வாயாலும் சொன்னோம்.

மூன்றாம் வாரம் விடியற்காலை போன் வந்தது. ஆள் வேர்த்து, பேச்சுக் குழறிக் கிடக்கிறார். மகள் மீட்டரில் பார்த்திருக்கிறார்: 46. விழுங்க முடிகிறது என்றதால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து 78. ஆனால் கிளிமிபிரைடின் வேலை ஒரு நாள் முழுக்க நீளும். மறுபடி இறங்கலாம் என்பதால் சேர்த்து ஒரு நாள் கவனித்தோம்.

வரும்போது வீட்டில் உள்ள மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று வந்தது. கத்தரித்த பட்டைகள், பாதிக்கு மேல் பெயர் இருந்த பக்கமே வெட்டுப்பட்டவை. தனியாக வந்த மெட்ஃபார்மின், கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, அண்ணன் கொடுத்த வேறொரு சர்க்கரை மாத்திரை, காய்ச்சல் மாத்திரை. முந்தைய நாள் இன்சுலின் தீர்ந்துவிட்டது, வாங்கப் போக ஆள் இல்லை, அதற்குப் பதிலாகப் பழைய மாத்திரையைப் போட்டிருக்கிறார். அவர் பார்வையில் அது பொறுப்பான காரியம். சர்க்கரை ஏறினால் நோய் திரும்பும் என்று நாங்கள்தானே அத்தனை தடவை சொல்லியிருந்தோம். டப்பாவைக் காலி செய்து, வேண்டியதை மட்டும் பெயர் எழுதிய உறையில் போட்டுக் கொடுத்தோம். இன்சுலின் ஒரு குப்பி எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்க ஏற்பாடு செய்தோம்.

ஐந்தாம் வாரம் வெள்ளணு 3,600 ஆக இறங்கியது, நியூட்ரோபில் 1,700. கோ-ட்ரைமாக்சசோல் எலும்பு மஜ்ஜையை அழுத்தும், அதைத்தான் வாராவாரம் எதிர்பார்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் இந்த முறை வேறு மாதிரி கேட்டார்: “ஏறினதுதான கெட்டதுன்னீங்க சார், இப்ப இறங்கிருச்சே, நல்லதா?” மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், தொடர்ந்தால் நியூட்ரோபில் இன்னும் இறங்கலாம். 1,700 பாதுகாப்பான அளவுதான், காய்ச்சல் இல்லை, வாயில் புண் இல்லை, சர்க்கரை 150க்குள். இறங்குவது தொடர்ந்தால் மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்து அதே அளவைத் தொடர்ந்தோம். ஐந்து நாள் கழித்து 4,300. அதற்குப் பிறகு இறங்கவில்லை.

விளைவு

மாத்திரை மூன்று மாதம் முடிந்தது. ஸ்கேனில் மண்ணீரல் பழைய அளவுக்கு வந்திருந்தது, கட்டிகள் இருந்த இடத்தில் சின்னத் தழும்புகள் மட்டும். எக்ஸ்ரே தெளிவு. எடை 58 கிலோ. ஹெச்பிஏ1சி 7.9, அதற்கடுத்த மூன்று மாதத்தில் 7.2. வெள்ளணு 7,600, நியூட்ரோபில் 60, லிம்போசைட் 30 சதவீதம். கடைசி வரை டிபி எதிலும் வளரவில்லை.

இந்த எண்கள் நன்றாக இருக்கின்றன என்பதற்காக அவருடைய வெள்ளணுக்கள் சர்க்கரையே வராத ஒருவருடையதைப் போல ஆகிவிட்டன என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீண்ட நாள் உயர்ந்த சர்க்கரையில் இருந்த மோனோசைட்டுகளும் அவற்றின் தாய் அணுக்களும் அந்தப் பதிவைத் தங்கள் மரபணுச் சுருள்களின் மேல் குறிகளாக வைத்திருக்கின்றன, சர்க்கரை இறங்கிய பிறகும் அழற்சிப் போக்கு சில காலம் நீடிக்கிறது என்று ஆய்வகச் சான்றுகள் உண்டு. ஒன்பது வருடம் ஓடியதை ஆறு மாதத்தில் அழித்துவிட முடியாது. அதனால் அவருக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று இனி எதையும் ஒதுக்குவதில்லை. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் நேராக வந்து கல்ச்சர் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

இனி என்ன மாறுகிறது

எங்கள் வார்டில் இப்போது நடைமுறைக்கு வந்திருப்பவை இவை. மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சலோடு வரும் சர்க்கரை நோயாளிக்கு, வயல் வேலையோ ஈர மண்ணோடு பழக்கமோ இருந்தால், ஆன்டிபயாட்டிக்குக்கு முன் ரத்தக் கல்ச்சர், கூடவே வயிற்று ஸ்கேன். படிவத்தில் தொழில் எழுத ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அது சின்ன விஷயம்தான், ஆனால் லேபுக்கு அதுதான் துப்பு. டிபி என்று அனுப்பப்படுபவருக்கு எல்லாப் பரிசோதனையும் நெகட்டிவ் என்றால், மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் இந்த நோயை ஒரு தடவை நினைப்பது.

வெள்ளணு அறிக்கையைக் குடும்பத்திடம் விளக்கும் விதமும் மாறியிருக்கிறது. ஏறியது, இறங்கியது என்று மட்டும் சொல்லாமல், ஏன் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறோம். சல்ஃபா மருந்தோடு வீட்டுக்கு அனுப்பும் சர்க்கரை நோயாளியின் மாத்திரை டப்பாவை டிஸ்சார்ஜ் நாளிலேயே கொண்டுவரச் சொல்லிப் பார்க்கிறோம்.

காலணி விஷயத்தில் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. கம்பூட் போடச் சொல்வது எளிது. சம்பா வயல் சேற்றில் அது புதைந்து காலை இழுக்கும், நாற்று நடுகிற பெண்களால் போடவே முடியாது. அதனால் பேசி முடிவு செய்தது இவ்வளவு: வடிகால் வெட்டுவது, வரப்பு வேலை இவற்றுக்குக் கம்பூட். இறங்கித்தான் ஆக வேண்டிய வேலையில், காலில் புண் இருக்கும் நாளில் சர்க்கரை உள்ளவர் இறங்குவதில்லை. ஏறியதும் நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் வேறொருவர் பாதத்தைப் பார்ப்பது. இந்த வீட்டில் அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டார்.

அவருடைய அண்ணனையும் கூட்டிவரச் சொல்லியிருந்தோம். அதே வயல், அதே சேறு, பாதத்தில் அதே மரத்துப்போன உணர்ச்சி. ஹெச்பிஏ1சி 10.4. காய்ச்சல் இல்லை, வெள்ளணு 10,800. இப்போது தம்பியோடு சேர்ந்து மாதாமாதம் வருகிறார், இன்சுலின் தொடங்கியாயிற்று.